அத்தா வாங்கிய பழைய கரோலா



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேன்டீன் வரை என்னைத் துரத்திக்கொண்டே வந்தார். "கவிதை மட்டும் வேண்டாம்டே, ஏற்கெனவே நாப்பத்தி மூணு வந்திருக்கு. அதுல முப்பத்தெட்டு காதல் தோல்வி" என்று எச்சரிக்கையும் செய்தார். எனக்குக் காதலும் தெரியாது, தோல்வி என்றால் மூன்றாம் செமஸ்டர் கணக்கு அரியர் மட்டும்தான் தெரியும். உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் இரண்டு வருடமாக எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. 2007-ம் வருடத்து டொயோட்டா கரோலா. வெள்ளி நிறம். அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் யாராவது "பழைய பெரிய கார் ஒண்ணு சல்லிசா வருது" என்று ஆரம்பித்தால் பயன்படும்.

எங்கள் ஊர் வடகரை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடுகள் எங்கள் தெருவில் நிறைய. எங்கள் வீடும் அதில் ஒன்று. அத்தா பதினேழு வருடம் ரியாத்தில் ஒரு வீட்டு டிரைவராக இருந்தார். அந்த வீட்டுக்காரரின் கேம்ரி காரை ஓட்டுவது, கழுவுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு விடுவது, இதுதான் வேலை. லீவில் வரும்போதெல்லாம் எங்களுக்கு அந்தக் காரின் கதைதான். "சாவே கிடையாதுலே அந்த வண்டிக்கு. ஆயிலும் பெட்ரோலும் ஊத்துனாப் போதும், ஓடிக்கிட்டே கிடக்கும்" என்பார். பதினேழு வருடம் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டியவருக்கு, அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து அப்படி ஒரு காரை ஒரு நாளாவது ஓட்ட வேண்டும் என்று ஆசை. 2023-ல் ஊருக்கே திரும்பிவிட்டார். கையில் கணக்குத் தீர்த்த பணம். அக்கா கல்யாணத்துக்கு எடுத்து வைத்தது போக, ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் வருவதற்கு வழியில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் இந்தக் காரின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு காலத்தில் சொகுசுக் கார் என்றால் காண்டசாதான். 1984-ல் வந்தது. இங்கிலாந்து வாக்ஸால் கம்பெனியின் பழைய அச்சில் வார்த்தது. பிறகு இசுசு எஞ்சின் போட்டார்கள். 2002-ல் நின்றுவிட்டது. அந்த இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று கரோலா. ஜப்பானில் 1966-லேயே பிறந்த பெயர். 1997-ல் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் விற்பனைக் கணக்கைத் தாண்டி, உலகத்திலேயே அதிகம் விற்ற கார்ப் பெயர் ஆனது. அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பக் கார். நம் நாட்டுக்கு 2003-ல் பிடதி தொழிற்சாலையிலிருந்து வந்தபோதோ விலை பத்து லட்சத்தை ஒட்டி. டாக்டர், மில் முதலாளி, எம்.எல்.ஏ. இவர்கள் வாங்கும் வண்டி. 2008-ல் ஆல்டிஸ் என்று பெயர் நீண்டது. 2020-ல் பி.எஸ்.6 விதி வந்த சமயத்தில் இந்தியாவில் விற்பனையே நிறுத்தப்பட்டது.

எங்கள் வண்டியில் இருப்பது 1ZZ-FE... மன்னிக்கவும், தமிழ் மலர் அல்லவா! ஒன் இசட் இசட் எஃப்.இ. என்ற எஞ்சின். நாலு சிலிண்டர், 1,794 சி.சி. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். பெல்ட் என்றால் குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். மறந்து அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி மொத்தமும் போகும். செயின் ஒழுங்காக ஆயில் மாற்றினால் எஞ்சின் ஆயுசுக்கும் வரும். "ஒழுங்காக ஆயில் மாற்றினால்" என்ற மூன்று வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதே எஞ்சினின் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் பிஸ்டனில் ஆயில் திரும்பும் துளைகள் சிறிதாக இருந்து, கரி அடைத்து, ஆயில் குடித்தது என்று வெளிநாடுகளில் பெரிய புகார். பிறகு பிஸ்டனை மாற்றி அமைத்தார்கள். டொயோட்டா என்றால் சாவே கிடையாது என்ற பேச்சுக்கு டொயோட்டாவே கொடுத்த திருத்தம் இது என்பேன். அத்தாவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். முதலில் பார்த்தது இந்த வண்டி இல்லை.

2024 ஜனவரி. ஒரு புரோக்கர், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஒரு கரோலா இருக்கிறது, ஒரு லட்சத்து அறுபதாயிரம்தான் என்றார். அத்தா தனியாகப் போய்ப் பார்த்து, பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறார்! பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்ததாம். சீட் உறை புதுசாம். மறு ஞாயிற்றுக்கிழமை என்னையும் எங்கள் ஊர் ஒர்க்ஷாப் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சி எந்தப் பாலிடெக்னிக்கிலும் படிக்கவில்லை. முப்பது வருடமாகக் கை கருத்தவர்.

அண்ணாச்சி பானட்டைத் திறக்கவே இல்லை. நேராகப் பின்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார், கடைசி வரை. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். "தம்பி, சீட்டுக்கு அடியில டார்ச் அடி" என்றார். சீட் ஓடுகிற தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு. மேட்டைத் தூக்கி, கார்ப்பெட் ஓரத்தைப் பிரித்தால் மெல்லிய வண்டல், டால்கம் பவுடர் மாதிரி. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஒயர் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். செம்பு பச்சை பூத்திருந்தது.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்றுதான் அண்ணாச்சியும் நானும் முடிவு செய்தோம். விற்றவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதே மாதிரி 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கியவை உண்டு. 2023 டிசம்பரில் நம் தாமிரபரணிக் கரையில் மூழ்கியவையும் இப்போது எங்கேயாவது பெயிண்ட் அடித்துக்கொண்டு நிற்கலாம். தண்ணீரில் கிடந்த காரை எஞ்சின் கழற்றிச் சுத்தம் செய்து ஓட வைத்துவிடலாம். ஓடவும் செய்யும். ஆனால் ஒயரிங்குக்குள்ளே புகுந்த ஈரம் வருடக்கணக்கில் வேலை செய்யும். இன்றைக்கு ஏர்பேக் விளக்கு எரியும், நாளைக்கு ஜன்னல் இறங்காது, ஒரு நாள் நடுரோட்டில் கம்ப்யூட்டர் பெட்டி மௌனமாகிவிடும். எதனால் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வரும் வழியில் அத்தா ஒன்றும் பேசவில்லை. அட்வான்ஸ் பத்தாயிரமும் திரும்பி வரவில்லை. பதினேழு வருடம் கார் ஓட்டியவர், சீட் பெல்ட்டைத் தினமும் போட்டவர், அதைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். செங்கோட்டையில் டீ குடிக்கும்போது அண்ணாச்சி, "விடும் பாய், ரெண்டு லட்சம் போக வேண்டியது பத்தாயிரத்தோட போச்சு" என்றார். அத்தா அப்போதும் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் இப்போதுள்ள வண்டி கிடைத்தது. திருநெல்வேலியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், முதல் சொந்தக்காரர். ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர். பெயிண்ட் மங்கி, முன் பம்பரில் கோடு. முதல் வண்டியைவிடப் பார்க்க மோசம்! ஆனால் ஒரு ஃபைல் எடுத்துக் காட்டினார். 2007 முதல் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ரசீது, தேதி, கிலோமீட்டர். அண்ணாச்சி அந்த ஃபைலை வண்டியைவிட அதிக நேரம் பார்த்தார்.

காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம். இது முக்கியம். சூடான எஞ்சின் பல உண்மைகளை மறைக்கும். குளிர்ந்த எஞ்சினில் முதல் இரண்டு விநாடி செயின் கடகடவென்றால் தளர்ந்திருக்கிறது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. விடாமல் இனிப்பு வாசனையோடு வெள்ளையாக வந்தால் கூலண்ட் சிலிண்டருக்குள் போகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி இருந்தாலும் சந்தேகம்தான். பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்தோம். நாலு சிலிண்டரும் 180, 178, 180, 175. எண் பெரிதாக இருப்பதைவிட நாலும் ஒத்துப் போவதுதான் முக்கியம் என்று லேபில் சார் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது.

அத்தாவும் தன் பங்குக்கு ஒரு சோதனை செய்தார். எஞ்சின் ஓடும்போது, பக்கத்துக் கடையிலிருந்து டீ கிளாஸ் வாங்கி வந்து பானட் மேல் வைத்தார். 1989-ல் டொயோட்டா லெக்சஸ் என்ற பெயரில் எல்.எஸ். 400 காரை அமெரிக்காவில் இறக்கியபோது, பானட் மேல் ஷாம்பெயின் கிளாஸ்களைக் கோபுரமாக அடுக்கி, உருளை மேல் சக்கரத்தை வேகமாக ஓடவிட்டு விளம்பரம் எடுத்தார்கள். ஒரு கிளாஸும் சரியவில்லை. அத்தா அதை ரியாத்தில் பார்த்திருக்கிறார். எங்கள் டீ கிளாஸோ மெதுவாக நடந்து ஹெட்லைட் பக்கம் போய்விட்டது. நான் பிடித்தேன். அத்தா முகம் சுருங்கியது. அண்ணாச்சி மட்டும், "எஞ்சின் மவுண்ட் போயிருக்கு, அவ்வளவுதான். வாங்குங்க" என்றார். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கேட்டார், ஒரு லட்சத்துத் தொண்ணூறுக்கு முடிந்தது.

இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. சொகுசு என்று நாம் சொல்வது எங்கே இருக்கிறது? லெதர் சீட்டிலா? இல்லை. பெரும்பாலும் ரப்பரிலும் ஸ்பிரிங்கிலும் இருக்கிறது. ஸ்பிரிங் விறைப்பை வண்டி நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதை 2π-ஆல் வகுத்தால் வண்டி விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று வரும். இரண்டாம் வருடத்தில் படித்துவிட்டு மறந்தோமே, அதே சூத்திரம்தான். சொகுசு வண்டிகளில் இது விநாடிக்கு ஒன்றை ஒட்டி வரும். கனமான உடம்பு, மெத்தென்ற ஸ்பிரிங். காலி லாரியில் இரண்டுக்கு மேலே போகும், அதனால்தான் குலுக்கல். மனித உடம்புக்கு ரொம்பப் பிடிக்காத மேல்கீழ் ஆட்டம் விநாடிக்கு நாலு முதல் எட்டு வரை. குடல், வயிறு எல்லாம் அந்த அளவில் சேர்ந்து ஆடும். ரோட்டிலிருந்து அந்த ஆட்டம் சீட்டுக்கு வராமல் தடுக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், சீட்டின் நுரை என்று வரிசையாகக் காவல் நிற்கின்றன. எஞ்சின் அதிர்வைத் தடுக்க மவுண்ட்.

இந்தக் காவல்காரர்களில் முக்கால்வாசிப் பேர் ரப்பர். எஞ்சின் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடலாம். ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை, வயசுக் கணக்கும் உண்டு. நிழலில் நிறுத்தி வைத்தாலும் பத்து, பன்னிரண்டு வருடத்தில் இறுகி வெடிக்கும். ஆகவே பழைய சொகுசுக் காரில் நம்பகம் பிழைத்திருக்கும், சொகுசு செத்திருக்கும். வாங்கிய முதல் வாரம் எங்கள் கரோலா எங்கேயும் நிற்கவில்லை, ஆனால் அச்சன்புதூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் தடதட என்றது. அம்மா, "இதுக்கு நம்ம ஆட்டோவே தேவலை" என்று சொன்னபோது அத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி செலவு. கூச்சப்படாமல் எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் எங்களுக்கு இதை முன்னால் சொல்லவில்லை. ஷாக் அப்சார்பர் நாலு, லோயர் ஆர்ம், புஷ் வகையறா, கூலியோடு 34,000. எஞ்சின் மவுண்ட் 9,500. டயர் நாலு 22,000. பேட்டரி 5,800. ரேடியேட்டர் ஹோஸ், கூலண்ட், பெட்ரோல் ஹோஸ் 6,200. ஏ.சி. கூலிங் காயில் 11,000. இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும் ஜி.எஸ்.டி. சேர்த்து 9,300-க்குச் சில்லறை. 1,500 சி.சி.க்கு மேலே போனால் 2022 முதல் 7,897 ரூபாய், அதற்குக் கீழே ஆயிரம் சி.சி. வரையிலான கார்களுக்கு 3,416 தான். எங்களுடையது 1,794 அல்லவா! மொத்தம் கூட்டினால் ஒரு லட்சத்துக்குச் சுமார் இரண்டாயிரம் குறைவு. வண்டி விலையில் பாதி! மூன்று லட்சத்தில் மிச்சம் இருந்தது அட்வான்ஸ் போக ஏறக்குறைய இரண்டாயிரம். பத்து லட்சத்துக்கு விற்ற காரின் விலை இரண்டு லட்சமாக இறங்கும். அதன் ஷாக் அப்சார்பர் மட்டும் பத்து லட்ச ரூபாய்க் காரின் ஷாக் அப்சார்பராகவே இருக்கும். அது இறங்காது.

பெட்ரோலையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது, பத்து. மெயின் ரோட்டில் பதின்மூன்று வரை. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜும் சற்று இறங்கும். 2007-ல் செய்த ரப்பர் ஹோஸும் சீலும் இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்ததல்ல. ஆகவேதான் பெட்ரோல் ஹோஸை முன்கூட்டியே மாற்றினோம்.

அத்தாவுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களை ஏற்றி வாடகைக்கு ஓட்டினால் செலவைப் பிடித்துவிடலாம் என்று. நான்தான் தடுத்தேன். வெள்ளை போர்டு வண்டியில் வாடகை ஓட்டக்கூடாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவையே பத்தாயிரம் வரை அபராதம், சிறையும் உண்டு. அதைவிடப் பெரிய பயம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். சொன்னதும், "அப்ப இது சோறு போடாத வண்டியா?" என்று கேட்டார். ஆமாம் அத்தா என்றேன். அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது ஊரில் இன்னொருவரின் மஞ்சள் போர்டு வண்டிக்கு மாற்று டிரைவராகப் போகிறார்.

காகித விஷயத்தில் ஒன்றே ஒன்று. விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட்ட 29, 30-ம் படிவங்களை ஆர்.டி.ஓ. ஆபீஸில் உடனே கொடுத்துப் பெயரை மாற்றிவிடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வண்டியை விற்றுவிட்டேன், பெயர் மாற்றவில்லை என்றால், விபத்து நஷ்டஈட்டுக்கு ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு விற்ற பெரியவர் இதைத் தெரிந்தவர், தானே கூட வந்து நின்று முடித்துக் கொடுத்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாங்கியது சரியா தப்பா என்று கேட்பீர்கள். கணக்குப்படி தப்பு. இரண்டு லட்சத்துக்குச் சின்ன கார் வாங்கியிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். இது என் கருத்து. அத்தாவின் முன்னால் படித்துக் காட்ட மாட்டேன்.

ஆனால் அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் புளியரை எஸ் வளைவு ஏறும்போதே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். ஆரியங்காவு வருமுன் வாந்தி. ஊர் திரும்பிய பிறகும் இரண்டு நாள் படுக்கை. வயிற்றைப் புரட்டுவது விநாடிக்கு நாலு, எட்டு ஆட்டம் இல்லை. ஐந்து விநாடிக்கு ஒன்று என்கிற மாதிரி மிக மெதுவான ஆட்டம்தான், கப்பலில் வருமே அது. வளைவுகளில் உடம்பு இடமும் வலமும் சாய்வதும் அந்த அளவில்தான் வரும். இதை எந்த ஷாக் அப்சார்பரும் முழுசாகத் தடுக்காது. பிரேக்கை மிதிக்காமல் முன்னாலேயே வேகம் குறைத்து, வளைவில் ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பி, வெளியே வரும்போது மெல்ல வேகம் கூட்டுகிற கைதான் தடுக்கும். அத்தாவுக்கு அது பதினேழு வருடப் பழக்கம்.

புது மவுண்டும் புஷ்ஷும் போட்ட பிறகு முதல் தடவை போனோம். அம்மா எலுமிச்சம்பழம் இரண்டு எடுத்து வைத்துக்கொண்டார்கள். புளியரை தாண்டியது, கோட்டைவாசல் தாண்டியது. கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்தைக் காட்டலாம் என்று நான் முன்சீட்டிலிருந்து திரும்பினால், பின்சீட்டில் அம்மா வாயைத் திறந்து தூங்குகிறார்கள். பழம் இரண்டும் மடியிலிருந்து உருண்டு கீழே கிடந்தது. "எழுப்பாதே" என்று அத்தா சைகை காட்டினார். குளத்துப்புழை காட்டு வளைவுகள் முழுக்க அவர் ஹாரனே அடிக்கவில்லை.

வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷன் 2027 ஜூன் வரை. 2022-ல் பழைய சொந்தக்காரர் புதுப்பித்தபோது கட்டணம் 5,000. இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு அது 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள். எங்கள் வண்டிக்கு அன்றைக்குச் சரியாக இருபது முடியும். அதற்குள் கீழே துரு பிடிக்காமல் பார்க்க வேண்டும், பின்பக்க சைலன்சர் மாற்ற வேண்டும். போன வாரம் அத்தா மறுபடியும் டீ கிளாஸ் வைத்துப் பார்த்தார். அசையவில்லை. டீயை அவரே குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்தார்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை